காலி நாற்காலியின் குரல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் முதலில் சர்க்கரை, பிறகு முழங்கால், அதற்குப் பிறகு பழைய டிவி நிகழ்ச்சிகள் என்று பேச்சு தானாகப் போகும். அந்த மூன்றாவது கட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் “விண்காவலர்” என்பார். உடனே இன்னொருவர், “அட, அந்த இருளாளன்! கடைசி வரைக்கும் மூஞ்சியே காட்ட மாட்டானே!” என்பார். பிறகு அந்தக் குரல் யாருடையது என்று வாக்குவாதம் கிளம்பும். ரேடியோ அறிவிப்பாளர் என்பார் ஒருவர். சென்னையிலிருந்து வரவழைத்தார்கள் என்று சத்தியம் செய்வார் இன்னொருவர். நான் வாயைத் திறக்காமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

அது என் அப்பா. சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. வில்லனாக நடித்ததில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். நடித்ததில் ஒன்றும் இல்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

மறந்துபோனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம். பூமியைக் காப்பாற்ற ஐந்து இளைஞர்கள். ஐவருக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். விண்கலத்தின் சுவர் முழுக்க முட்டை அட்டை. ஒரு பெண் விஞ்ஞானி, சலூனில் முடி காயவைக்கும் கூண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேற்றுக் கிரகத்தோடு பேசுவார். இன்றைக்கு நம் பேரப்பிள்ளைகள் பார்த்தால் உருண்டு உருண்டு சிரிக்கும். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தோம்.

வில்லன் இருளாளன் மட்டும் வரவே மாட்டான். வாராவாரம் ஐவரும் அவனுடைய மறைவிடத்தைக் கண்டுபிடித்துக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்வார்கள். உள்ளே ஒரு நாற்காலி இருக்கும். ஆள் இருக்காது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல நாற்காலி மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ ஒரு குரல் வரும். கோபமில்லை, அவசரமில்லை, கர்ஜனை இல்லை. “தம்பிமார், பிந்திப் போனியள்.” அவ்வளவுதான். நாற்காலி நின்றதும் பாட்டைப் போட்டுவிடுவார்கள். பெயர்கள் ஓடி முடியும்போது கடைசியாக ‘இருளாளன்’ என்று வரும். எதிரே ஒரு கேள்விக்குறி.

அந்த நாற்காலியை எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சந்து முடிவெட்டும் கடையினுடையது அது. படப்பிடிப்பு நாளில் அங்கே போனால் ஒரு நாற்காலி குறைந்திருக்கும், கடைக்காரர் வாடிக்கையாளரை முக்காலியில் உட்காரவைத்து வெட்டிக்கொண்டிருப்பார். நாற்காலி எங்கிருந்து போகிறது என்பது ஊருக்கே தெரியும். குரல் எங்கிருந்து போகிறது என்பது அந்தச் சந்திலேயே எங்கள் வீட்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. வீட்டுக்குள் அந்தத் தமிழ்தான். வாசலைத் தாண்டினால் அப்பா ஊமை. மளிகைக் கடையில்கூட விரலை நீட்டித்தான் சாமான் வாங்குவார். ஏனென்றால் அவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும், யாராவது ஒருவர், “அண்ணே, சிலோனா?” என்று சிரிப்பார். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனாலும் சிரிப்புதானே.

அப்படிப்பட்ட மனிதர் வில்லனான கதை சுவையானது. நிகழ்ச்சிக்குக் கூட்டத்தின் கூச்சல் வேண்டும் என்று அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வந்த ஆண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, தயாரிப்பாளர் இருளாளன் வசனத்தைக் கத்தச் சொன்னாராம். அப்பா கத்தியது இருமல்காரன் தும்மியதுபோல் இருந்ததாம். சரி போகட்டும் என்று ஓய்வு கொடுத்தார்கள். அப்பா மூலையில் இருந்த போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். பக்கத்தில் மைக் திறந்தபடி கிடந்தது அவருக்குத் தெரியாது.

“ஓம், ஓம். இண்டைக்குப் பிந்தும். பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குடுத்திட்டு நீரும் சாப்பிடும்.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து தயாரிப்பாளர் ஓடி வந்துவிட்டார். “அண்ணே! இப்ப பேசுனீங்களே, அதேதான்! கத்த வேணாம். வீட்டுல அக்காகிட்ட பேசுற மாதிரியே பேசுங்க. இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் எந்தக் கிரகம்னு கண்டுபிடிக்க முடியாது லா!”

இதை அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“வில்லனுக்கோ எங்கட தமிழ்? அண்ணைக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பார்?”

“பேர் போட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். கூட்டிக்கொண்டு போன சிநேகிதனும் ஆபீசில மூச்சு விடமாட்டான். ஒருத்தருக்கும் தெரியாது, பயப்பிடாதையும்,” என்றார் அப்பா.

அண்ணை என்று அம்மா சொன்னது கிள்ளானில் இருந்த என் பெரியமாமாவை. ரிட்டையர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர், எங்கள் ஆட்களின் சங்கத்துக்குத் தலைவர். அப்பாவுக்கு வேலை பார்த்துக் கொடுத்தது, பெண் கொடுத்தது, குவார்ட்டர்ஸ் வீடு வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அவர் முன்னால் அப்பா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் ஒரு புது மனிதர் இருந்தார். குரல் குழிந்து கேட்க வேண்டும் என்பதற்காக வாயருகே ஒரு காலி டின்னைப் பிடித்துக்கொண்டு பேசச் சொல்லியிருந்தார்கள். அப்பா பால்மாவு டின் ஒன்றைக் கழுவிக் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே “தம்பிமார்…” என்று கேட்கும். சோப்பு மணமும் அந்தக் குரலும் சேர்ந்தே எனக்கு இன்றும் நினைவுக்கு வருகின்றன. வெளியே வரும்போது பாட்டு முணுமுணுப்பார். ஒரு நாள் மளிகைக் கடையில் வாய் திறந்தே கேட்டார்: “தம்பி, நல்ல வெங்காயமாப் பாத்துப் போடும்.” கடைப் பையன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அப்பா கப்பென்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் இல்லை.

என் பாடுதான் திண்டாட்டம். எனக்கு இரண்டு தமிழ். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஒன்று, அதற்கு உள்ளே இன்னொன்று. உள்ளே போனால் மலாய் ஒட்டு வைத்த “ஆமாம் லா”, “வரேன்”, “இன்னிக்கு” எல்லாம் சரளமாக வரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே பழகிக்கொண்டேன். விண்காவலர் வந்த பிறகு பள்ளி முழுக்க இருளாளன்தான். தாமதமாக வருகிற பிள்ளையைப் பார்த்து வகுப்பே சேர்ந்து “பிந்திப் போனியள்” என்று இழுக்கும். ஆசிரியையும் சேர்ந்துகொள்வார். எனக்கு ஒரு பக்கம் பெருமையில் நெஞ்சு அடைக்கும், இன்னொரு பக்கம் காது மடல் சுடும்.

ஒரு நாள் கேண்டீனில் பக்கத்து வீட்டு லோரிக்காரர் மகள், “உனக்கும் மீ வேணுமா?” என்று கேட்டாள். பசியில் கவனம் தவறி “ஓம்” என்றுவிட்டேன். மேசையே திரும்பிப் பார்த்தது.

“ஏய், இருளாளன் வூட்டுப் புள்ள லா இவ!”

அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் கொடுமை. மீ நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். அன்று மாலை சாமி படத்துக்கு முன்னால் நின்று, இந்த நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. சாமி அதை நிறைவேற்றிய விதம்தான் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பெரியமாமா எங்களைக் கிள்ளானுக்குக் கூப்பிட்டார். அப்பாவின் பழைய காரில் ஜன்னல் கண்ணாடி பாதிதான் இறங்கும், உள்ளே பெட்ரோல் வாசனையும் அம்மாவின் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து எனக்குக் குமட்டும். போய்ச் சேர்ந்தால் வெறும் சாப்பாடு இல்லை. கூடத்தில் பிரம்பு நாற்காலிகளில் சங்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான், திருநீறு. அடுப்படியில் பெண்கள் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையில் பயத்தம் உருண்டைத் தட்டைக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள்.

பெரியமாமா தொண்டையைச் செருமினார். “பாத்தியளோ டிவியில? வேற்றுக் கிரகத்துப் பேய் ஒண்டு எங்கட தமிழ் கதைக்குது. பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையளைப் பாத்துச் சிரிக்கிறாங்கள். இதை இப்பிடியே விடுறதோ?”

கூடம் முழுக்க “விடக் கூடாது, விடக் கூடாது” என்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிட்டையர் ஆன தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லாருடைய உச்சரிப்பையும் திருத்துகிறவர். அவர் விரலை உயர்த்தினார். “முதல்ல ஒரு விசயம். அது எங்கட ஆளில்லை. எவனோ இந்தியாக்கார நடிகன் எங்கட தமிழைப் பழகிப்போட்டு நக்கல் பண்ணுறான். நான் காது குடுத்துக் கேட்டனான். அந்த இழுவையே பிழை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை.”

“அதுதானே! எனக்கும் கேட்ட உடனை பட்டது,” என்றார் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என்னைத் தூங்கவைத்த குரல் அது. காய்ச்சல் வந்தபோது “கொஞ்சம் குடி பிள்ளை” என்று கஞ்சி ஊட்டிய குரல். அதைத்தான் அவர்கள் வேஷம் என்றார்கள்.

பெரியமாமா அப்பா பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். எங்களுக்குள்ள தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆள் நீர்தானே. அது எங்கட தமிழோ?”

மேலே காற்றாடி கடகடத்தது. அடுப்படி வாசலில் அம்மா எண்ணெய் வடியும் கரண்டியோடு வந்து நின்றார். அப்பா அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் கத்தியிருப்பார்கள். பெரியமாமா ஒரு மாதம் முகம் கொடுத்திருக்க மாட்டார். இப்போது யோசித்தால் அவ்வளவுதான் தோன்றுகிறது. அன்றைக்கு அவருக்கு வீடு, வேலை, மரியாதை எல்லாம் அந்தக் கூடத்தில்தான் இருந்தன.

“இல்லை,” என்றார் அப்பா. “பொய்க்குரல்தான்.”

அதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியர் விடவில்லை. “எங்க, அந்த வசனத்தை நீர் ஒருக்கால் சொல்லிக் காட்டும். உண்மையான எங்கட ஆள் எப்பிடிச் சொல்லுவான் எண்டு இவை கேக்கட்டும்.”

அப்பா எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆபீஸ் பைலை உரக்க வாசிப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தையும் நிமிர்த்தி நிமிர்த்தி, “தம்பிமார், பிந்திப் போனியள்” என்றார். அவர் குரல் இல்லை அது. யார் குரலும் இல்லை. உலகத்தில் ஒருவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் தொடையில் தட்டினார். “பாத்தியளோ! இதெல்லோ எங்கட தமிழ்! வித்தியாசம் விளங்குதோ?”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். அப்பா உட்காரும்போது தற்செயலாக என்னைப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவர் முகம் கறுத்துச் சுருங்கிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரை நினைத்து வெட்கப்பட்டேன் என்று அப்போது பிரிக்கத் தெரியவில்லை. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி டிவிக்காரர்களுக்கு அனுப்பும் மனுவை அப்பாவே அங்கேயே எழுதினார், அவருக்குத்தான் கையெழுத்து அழகு. எழுதின ஆளே முதலில் போடட்டும் என்று பெரியமாமா பேனையைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா முதல் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெரியவர்களை இப்போது திட்ட எனக்கு மனம் வரவில்லை. கேண்டீனில் நான் பட்டதை அவர்களும் எங்கெங்கோ பட்டிருப்பார்கள். தங்கள் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் எந்தப் பேச்சுக்காகக் கூடினார்களோ, அது காதில் விழுந்தபோது அவர்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதைப் பேசுகிறவரே எழுந்து நின்று அதை அழிக்கும்படி செய்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பாதி வழியில் அம்மா, “சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“என்னெண்டு சொல்லுறது? எல்லாரும் இருந்தவை.”

மறுநாள் பார்த்தபோது குளியலறையில் டின்னைக் காணோம்.

சில வாரம் கழித்து ஒரு மாலை தயாரிப்பாளர் ஸ்கூட்டரில் வந்தார். கையில் சுடச்சுட பிசாங் கோரேங் பொட்டலம். பொரித்த வாழைப்பழ வாசனை வீடு முழுக்கப் பரவியது. அவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்கு ஒன்று கொடுத்தார்.

“அண்ணே, நிறுத்தச் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு எபிசோட். அதோட முடிச்சிரணுமாம். அதுலயும் இருளாளன் கொரல மாத்தணுமாம்.”

“என்னவாம்?”

“பெட்டிசன் வந்துருச்சு. உங்காளுங்க சங்கம்தான். உங்க பேச்ச கேலி பண்றோமாம். நான் கேலியாண்ணே பண்ணேன்? எனக்கு அந்தக் கொரல்னா உசுரு லா. ஒவ்வொரு தடவையும் நீங்க பேசி முடிச்சதும் டேப்பத் திருப்பிப் போட்டுக் கேப்பேன், தெரியுமா?”

தயாரிப்பாளர் ஒரு பழத்தை எடுத்தார், பாதி தின்றார், மீதியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்தப் பெட்டிசன என்கிட்டயும் காட்டுனாங்க. மொதல் கையெழுத்து… உங்க பேராவே இருந்துச்சுண்ணே. அதே பேருல வேற யாரோ இருக்காரு போல. இல்லண்ணே?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இருக்கும்,” என்றார் அப்பா.

“அதான் நானும் நெனச்சேன்,” என்று எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். இந்த மனுஷன் இவ்வளவு ஏமாளியா என்று அன்றைக்கு நினைத்தேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அப்பா மானத்தை மூடிக்கொள்ளட்டும் என்று ஒரு துண்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு அவரை விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நல்ல மனிதர். நன்றி சொல்லவும் எங்களுக்கு வாய் இல்லை.

கடைசி ஞாயிறு வந்தது. பக்கத்து வீட்டில் டிவி ரிப்பேர். லோரிக்காரர் வீட்டு ஆன்டியும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாலு கால் வைத்த எங்கள் டிவியின் மரக் கதவுகளை நான்தான் தள்ளித் திறந்தேன். அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஐவரும் கதவை உடைத்தார்கள். இந்தத் தடவை நாற்காலி காலியாக இல்லை. தொந்தியும் தொங்கு மீசையுமாக, கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஹா ஹா என்று கூரை அதிரச் சிரித்தார். “வாருங்கள் மூடர்களே!” என்று கர்ஜித்தார்.

“இது இருளாளன் இல்ல லா,” என்றாள் லோரிக்காரர் மகள். “யாரோ ஒரு ஆளு.”

ஆன்டிக்கும் மனசு ஆறவில்லை. “பழைய கொரல் எவ்ளோ நல்லா இருந்துச்சு. சத்தமே போட மாட்டாரு, ஆனா வயித்தக் கலக்கும். ஏண்ணே, அந்த மனுசனுக்கு என்னாச்சு? செத்துகித்துப் போய்ட்டாரா?”

அப்பா லேசாகச் சிரித்தார். தண்ணீர் எடுத்து வருவதாகச் சைகை காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் குழாயைத் திறந்து குவளையைப் பிடித்திருந்தார். நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வாரத்தில் ஒரு நாள்கூட நான் அவரிடம் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போது உறைத்தது.

“அப்பா,” என்றேன். “உங்கட குரல்தான் நல்லம்.”

அவர் குழாயை மூடினார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“எந்தக் கொரல்மா?”

ஒரு கணம் யாரோ வேறு ஆள் பேசியதுபோல் இருந்தது. என்னை எப்போதும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். “மா” போடுவது பக்கத்து வீட்டில், கடையில், ஆன்டி தன் மகளிடம். அவர் பேச்சில் எங்கள் வீட்டுச் சாயல் ஒரு துளி இல்லை. பள்ளிக்கூட வாசலில் தினமும் நான் செய்கிற காரியத்தை அப்பா எங்கள் அடுப்படிக்குள் நின்று, என்னிடமே செய்தார். ஆன்டியும் மகளும் கூடத்தில் டிவி சத்தத்தில் இருந்தார்கள். வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“ஒண்ணும் இல்லப்பா,” என்று நானும் அதே தமிழில் பதில் சொன்னேன்.

வீட்டுக்குள் நாங்கள் இருவரும் அப்படிப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அப்பா என்னைப் பிள்ளை என்று கூப்பிடவே இல்லை.